சாக்ஸ் நூல் மிச்சத்தில் ஒரு ஸ்கார்ஃப்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெரியவர் காலுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் பின்ன 60 முதல் 80 கிராம் நூல் போகும். கடைக்கு வரும் சாக்ஸ் நூலோ பெரும்பாலும் 100 கிராம் சிட்டம். ஆகவே கையால் சாக்ஸ் பின்னுகிறவர் வீட்டில் மிச்சம் சேராமல் இருக்க வழியே இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பின்னல்காரர்களின் அலமாரிகளில் இது தீராத பிரச்சினை. இதோடு இன்னொரு வகைச் சேர்மானமும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ரைன்பெக் ஊரில் அக்டோபர்தோறும் கூடும் ஆட்டுக் கம்பளித் திருவிழா போன்ற இடங்களில், கைச்சாயம் போட்ட நூலின் அழகைப் பார்த்து, ஒன்றே ஒன்று என்று வாங்கிவந்த தனிச் சிட்டங்கள். எந்த இரண்டும் ஒரே நிறம் இல்லை. ஒரே தயாரிப்பும் இல்லை.

இவற்றைச் சேர்த்து ஒரு ஸ்கார்ஃப் பின்னலாமே என்று சொன்னதும் மறுப்புகள் வரிசையாக வரும். கால் நூல் கழுத்தில் குத்தும், நிறங்கள் ஒட்டாது, நூல் போதாது, முடிச்சு தெரியும், துவைத்தால் கெட்டுப்போகும். இவற்றில் சிலவற்றில் கொஞ்சம் உண்மை இருக்கிறது; பலவற்றில் இல்லை. பின்னல் நூல்களிலேயே மிகுந்த கவனத்தோடு செய்யப்படுவது சாக்ஸ் நூல். காலணிக்குள் தேய்ந்து, வாரம்தோறும் துவைபட்டு, மறுபடி தேய்வதற்கென்றே உருவாக்கப்பட்டது. அப்படிப்பட்ட நூல் மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காக முடங்கிக் கிடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

“கால் நூல் கழுத்தில் குத்தும்”

சாக்ஸ் நூலில் மிகப் பரவலான கலவை 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான். கைச்சாயக்காரர்கள் பயன்படுத்தும் நூலில் அந்தக் கம்பளி பெரும்பாலும் மெரினோ. குத்தலுக்கு நைலான்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. நைலான் வழவழப்பான மெல்லிழை. நூல் தேய்ந்து அறுந்துபோகாமல் தாங்குவதுதான் அதன் வேலை.

குத்துவதும் குத்தாததும் கம்பளி இழையின் பருமனைப் பொறுத்தது. ஏறக்குறைய 30 மைக்ரானுக்கு மேல் பருமனுள்ள இழையின் நுனி தோலில் படும்போது வளைந்துகொடுக்காது. தோலுக்கடியில் உள்ள நரம்பு முனைகளை அழுத்தும். நூலில் இருபதில் ஒன்று அப்படிப்பட்ட இழையாக இருந்தாலே பலருக்கு அரிக்கும். மெரினோ இழை பொதுவாக 17 முதல் 24 மைக்ரான்தான். “எனக்கு உல்லன் ஒத்துக்கொள்ளாது, அலர்ஜி” என்று சொல்கிறவர்களில் கணிசமானோருக்கு நேர்வது இந்த அழுத்தம்தான், ஒவ்வாமை அல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உறுதியை மட்டுமே குறியாக வைத்து, பருமனான கம்பளியில் செய்த சாக்ஸ் நூல்களும் சந்தையில் இருக்கின்றன. அவை கழுத்தில் நிச்சயம் குத்தும். விரலால் தடவிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. விரல் நுனித் தோல் தடிப்பானது. நூலைத் தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் வைத்துச் சில நிமிடம் அப்படியே விடுங்கள். அரித்தால் அந்தக் கண்டை விலக்கி வையுங்கள். சாக்ஸ் குதிகாலுக்கு அது உதவும்.

“நிறங்கள் ஒன்றோடொன்று சேராது”

இந்தப் பயம்தான் எல்லாவற்றிலும் பெரியது. இதற்கான பதில் ஒரு கம்பளிச் சாயப்பட்டறையிலிருந்தே கிடைத்தது என்பது பின்னல்காரர்கள் அவசியம் அறியவேண்டிய செய்தி. பாரிஸில் கோபலான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் இருக்கிறது. 1824-இல் அதன் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் மிஷேல் யூஜேன் ஷெவ்ரோல் என்ற வேதியியலாளர். நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழல் காட்டப் பயன்படுத்தும் கறுப்பு நூலில் அடர்த்தி போதவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் மற்ற இடங்களில் சாயமேற்றிய கறுப்புக் கம்பளியை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் அந்தக் கறுப்பை வெளிறச் செய்தன. அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சியை 1839-இல் பெரிய நூலாக வெளியிட்டார். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பது அதன் சாரம். பிற்கால ஓவியர்கள் பலர் அதைப் படித்துத் தங்கள் முறையையே மாற்றிக்கொண்டார்கள்.

ஆகவே ஒரு நிறம் நல்லதா கெட்டதா என்று தனியாக வைத்துத் தீர்ப்புச் சொல்லவே முடியாது. அலமாரியில் சலித்துப்போய்த் தெரியும் கடுகு மஞ்சள், ஊதாவின் பக்கத்தில் எரியும். அதே மஞ்சளை ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தால் மங்கிப்போகும். நூல் மாறவில்லை, அண்டை வீடு மாறியது.

கலந்து பின்னிய ஸ்கார்ஃப் குழம்பித் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் நிறமே அல்ல. வெளிச்சமும் இருளும்தான். எல்லா நூலும் ஒரே அளவு நடுத்தர அடர்த்தியில் இருந்தால், சிவப்பும் பச்சையும் நீலமும் எவ்வளவு அழகானவையாக இருந்தாலும், இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் ஒரே சாம்பல் கலங்கலாகிவிடும். இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். கண்டுகளை வரிசையாக வைத்துக் கைபேசியில் படமெடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். மூன்று படிநிலை தெளிவாகத் தெரிய வேண்டும்: வெளுப்பு, நடுத்தரம், அடர்த்தி. தெரிந்தால் நிறங்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். எல்லாம் நடுத்தரமாகவே இருந்தால் ஒரு வெளிர் நூலையோ கரும்நீலத்தையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி, எல்லாவற்றையும் கட்டிப்போட ஒரே ஒரு பொதுநூலை வைத்துக்கொள்வது. சந்தனவெள்ளை, சாம்பல், கரும்நீலம் என ஏதோ ஒன்று; அது மட்டும் 100 கிராம் முழுச் சிட்டமாக இருக்கட்டும். இரண்டு வரிசை பொதுநூல், இரண்டு வரிசை மிச்ச நூல் என்று மாறிமாறிப் போனால், மிச்ச நூல் எத்தனை முறை மாறினாலும் ஸ்கார்ஃப் ஒரே குரலில் பேசும். அமெரிக்கப் பின்னல் ஆசிரியர் பார்பரா வாக்கர் பெயர் சூட்டிப் பரப்பிய மொசைக் பின்னல் இந்த இரண்டிரண்டு வரிசை முறையில்தான் நடக்கிறது. ஒரு வரிசையில் கையில் இருப்பது ஒரே நூல். சில கண்ணிகளைப் பின்னாமல் அப்படியே ஊசி மாற்றிவிடுவதால் கீழ்நிறம் மேலே ஏறி நின்று கோலம் போடும். பின்னுவது எளிது, பார்வைக்குச் சிக்கலான வேலைபோல இருக்கும். 1976-இல் வந்த அவருடைய மொசைக் பின்னல் புத்தகம் இன்றும் பலருக்கு வழிகாட்டி.

பல நிறம் தெறித்த நூல்கள் இரண்டை ஒன்றாகச் சேர்ப்பதை மட்டும் தவிர்ப்பது நல்லது. இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் கேட்காது. தெறிப்பு நூல் ஒன்று, ஒற்றை நிறம் ஒன்று என்று ஜோடி சேருங்கள்.

“ஒரே சாய எண் இல்லாத நூலை ஒன்றாகப் பின்னக்கூடாது” என்பது இதன் இன்னொரு வடிவம். ஒரே நிறத்தில் முழு ஸ்வெட்டர் பின்னும்போது அந்த எச்சரிக்கை நியாயமானது. எல்லாமே வேறுவேறாக இருக்கும் ஸ்கார்ஃபில் அதற்கு இடமே இல்லை. கைச்சாய நூலில் ஒரே பாத்திரத்தில் வெந்த இரண்டு சிட்டங்கள்கூட ஒன்றுபோல இருக்காது. அங்கும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றிப் பின்னுவதுதான் மருந்து.

“இவ்வளவு நூல் எதற்கும் காணாது”

கணக்குப் போட்டால் இந்தப் பயம் போய்விடும். நான்கு புரிச் சாக்ஸ் நூல் 100 கிராம் என்பது ஏறக்குறைய 400 மீட்டர். 25 கிராம் மிச்சம் என்றால் 100 மீட்டர். சாதாரணப் பின்னலில் ஒரு வரிசைக்கு, துணியின் அகலத்தைப் போல மூன்று மடங்கோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ நூல் போகும். 20 சென்டிமீட்டர் அகல ஸ்கார்ஃபுக்கு வரிசைக்கு 60 முதல் 65 சென்டிமீட்டர். 4 மில்லிமீட்டர் ஊசியில், எல்லா வரிசையும் நிட் போடும் கார்ட்டர் பின்னலில் அந்த 25 கிராம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளம் தரும். ஆறு மிச்சம் இருந்தால் 180 சென்டிமீட்டர். முழு ஸ்கார்ஃப் ஆயிற்று.

வீட்டில் இருக்கும் நூல் இந்தச் சராசரிக்குப் பொருந்துமா என்ற சந்தேகத்தைத் தராசு தீர்க்கும். கண்டை நிறுத்து, பத்து வரிசை பின்னி, மறுபடி நிறுங்கள். இன்னும் எத்தனை வரிசை வரும் என்பது கையிலேயே வந்துவிடும். சமையல் தராசு போதும், கிராமின் பத்தில் ஒரு பங்கு காட்டினால் இன்னும் நல்லது.

ஒரே ஒரு சிட்டம்தான் இருக்கிறது, அதைத் துளியும் மிச்சமில்லாமல் தீர்க்க வேண்டும் என்றால், மூலையில் தொடங்கி அகலம் கூடிக்கொண்டே போகும் சாய்வு முக்கோணம் சரியான வடிவம். ஜெர்மன் வடிவமைப்பாளர் மார்ட்டினா பேம் செய்த ‘ஹிட்ச்ஹைக்கர்’ இந்த வகையில் உலகெங்கும் பின்னப்படுவது. அது முழுக்கக் கார்ட்டர் பின்னல், ஒரு ஓரம் பல் பல்லாக இருக்கும். நூல் எங்கே தீர்கிறதோ அங்கே முடித்துக்கொள்ளலாம். அவருடைய மூல மாதிரியில் 42 பற்கள் வந்தன. டக்ளஸ் ஆடம்ஸின் ‘ஹிட்ச்ஹைக்கர்’ நாவலில் 42 என்ற எண்ணுக்கு இருக்கும் இடத்தை நினைத்துத்தான் அந்தப் பெயர்.

“சாக்ஸுக்குப் போட்ட ஊசியே போதும், இறுக்கமாகப் பின்னினால்தான் கதகதப்பு”

மிச்ச நூல் ஸ்கார்ஃப் பலகைபோல விறைத்து நிற்பதற்குக் காரணம் நூலல்ல, ஊசி. சாக்ஸை 2.25 அல்லது 2.5 மில்லிமீட்டர் ஊசியில், 10 சென்டிமீட்டருக்கு முப்பது கண்ணிக்கு மேல் வரும்படி நெருக்கமாகப் பின்னுவார்கள். தேய்மானத்தைத் தாங்க அந்த நெருக்கம் வேண்டும். கழுத்தில் தேய்மானம் இல்லை. அங்கே துணி துவண்டு விழ வேண்டும். 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் ஊசி எடுத்து, 10 சென்டிமீட்டருக்கு 24 கண்ணி வரும்படி தளர்த்திப் பின்னுங்கள். அதே நூல் வேறு நூலாகத் தெரியும். கதகதப்பைத் தருவது இழைகளுக்கு நடுவே சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. இறுக்கமாகப் பின்னினால் அந்தக் காற்றுக்கு இடம் குறைகிறது.

ஓரம் சுருளும் பிரச்சினையும் இங்கேயே தீர்க்கவேண்டியது. ஒருபக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று போகும் ஸ்டாக்கினெட் பின்னலில் பக்க ஓரங்கள் பின்னாலும், மேல் கீழ் ஓரங்கள் முன்னாலும் சுருளும். “நனைத்து ஊசி குத்தி உலர்த்தினால் சரியாகிவிடும்” என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. சுருளல் அந்தப் பின்னலின் அமைப்பிலேயே இருக்கிறது. இரண்டு நாள் கட்டினால் திரும்பி வந்துவிடும். கார்ட்டர் பின்னல் சுருளாது. இங்கிலாந்தில் பிறந்த அமெரிக்க ஆசிரியர் எலிசபெத் ஜிம்மர்மன் வாழ்நாள் முழுக்க அதற்காக வாதாடியவர். இரண்டு பக்கமும் ஒன்றுபோல, தட்டையாக, மெத்தென்று இருக்கும். ஸ்கார்ஃபுக்கு வேறென்ன வேண்டும்? ஸ்டாக்கினெட்தான் வேண்டும் என்கிறவர் இரண்டு மடங்கு கண்ணி ஏற்றி வட்ட ஊசியில் குழாயாகப் பின்னலாம். நூல் இருமடங்கு போகும். நுனிகள் எல்லாம் குழாய்க்குள் மறைந்துவிடும்.

“முடிச்சுப் போட்டால் போதும்”, “எச்சில் தொட்டுத் தேய்த்தால் ஒட்டிவிடும்”

இரண்டாவது, பின்னல்காரர்களின் பழைய உத்தி. இரண்டு நுனிகளையும் பிரித்து ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஈரப்படுத்தி உள்ளங்கையில் தேய்த்தால் கம்பளி இழைகள் கோத்துக்கொண்டு ஒரே நூலாகும். கம்பளி இழையின் மேல் ஓடுபோன்ற செதில்கள் இருக்கின்றன. ஈரம், சூடு, உரசல் மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டி இறுகும். ஆனால் இன்றைய சாக்ஸ் நூலில் பெரும்பகுதி, இயந்திரத்தில் துவைப்பதற்காகப் பதப்படுத்தப்பட்டது. குளோரினால் செதில் விளிம்புகளைக் கரைத்து, மேலே மெல்லிய பாலிமர் பூச்சுக் கொடுத்திருப்பார்கள். மாட்டிக்கொள்ள விளிம்பு இல்லாதபோது எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. வழுக்கும் அந்தப் பரப்பில் சாதாரண முடிச்சும் மெல்ல நழுவும்.

ஆகவே 15 சென்டிமீட்டர் நுனி விட்டு, ஊசியால் மூன்று திசை மாற்றிக் கோத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு மிச்சம் சேரும் ஸ்கார்ஃபில் இது சலிப்பான வேலைதான். ஆனால் அந்தச் சலிப்பையே அழகாக மாற்றும் ஒரு வழி இருக்கிறது. மிச்ச நூலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இன்னொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஸ்கார்ஃபை அகலவாக்கில் இல்லாமல் நீளவாக்கில் பின்னுவது. நீண்ட வட்ட ஊசியில் நானூறுக்கும் மேல் கண்ணி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் புது நூலில் தொடங்கி, இரு முனையிலும் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிட வேண்டும். வரிசைக்கு ஐந்தாறு மீட்டர் நூல்தான் ஆகும். ஐந்து கிராம் துண்டு மிச்சத்துக்கும் இங்கே வேலை உண்டு. விட்ட நுனிகளை நாலைந்தாகச் சேர்த்து முடிந்தால் அவையே குஞ்சம். கோக்கவேண்டிய நுனி ஒன்றுகூட மிஞ்சாது.

இதை லினன் பின்னலில் செய்து பாருங்கள். ஒரு கண்ணி நிட். அடுத்ததை, நூலை முன்னால் கொண்டுவந்து, பின்னாமல் ஊசி மாற்றுவது. மறுபடி நூலைப் பின்னால் தள்ளி ஒரு நிட். பின்பக்க வரிசையில் இதே வேலையைப் பர்லில், ஒரு கண்ணி தள்ளிச் செய்ய வேண்டும்; பின்னாமல் மாற்றும் கண்ணிக்கு நூல் நம் பார்வைக்கு மறுபக்கம், அதாவது துணியின் முன்பக்கம், இருக்க வேண்டும். முன்னால் படுத்துக்கிடக்கும் சிறு நூல் கோடுகளால் பரப்பு கைத்தறியில் நெய்தது மாதிரி இருக்கும். ஒவ்வொரு நிறமும் மேலும் கீழும் உள்ள நிறங்களுக்குள் புள்ளி புள்ளியாகக் கலந்துவிடும். தனியாகப் பார்த்தால் கண் கூசும் தெறிப்பு நூல்கூட இதில் அடங்கி அழகாகும். லினன் பின்னல் இயல்பிலேயே இறுகும் என்பதால் ஊசி 4.5 மில்லிமீட்டர் வரை போகலாம்.

“இயந்திரத்தில் துவைக்கலாம் என்றால் எப்படியும் துவைக்கலாம்”

லேபிளில் அப்படி இருப்பது, நூல் சுருங்கி இறுகாது என்பதற்கான உறுதி மட்டுமே. பூச்சுக் கொடுத்த இழைகள் ஈரத்தில் வழுக்கி நீளும். நனைந்த ஸ்கார்ஃபைக் கொடியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே இழுபட்டு நீண்டுவிடும். கம்பளிக்கான மென்சுழற்சியில் 30 டிகிரியில் துவைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தரையில் விரித்து நிழலில் உலர்த்துங்கள்.

லேபிள் தொலைந்த நூல்தான் உண்மையான ஆபத்து. பதப்படுத்திய நூலும் படுத்தாத நூலும் ஒரே ஸ்கார்ஃபில் கலந்து இயந்திரத்துக்குள் போனால் ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. துணி அலை அலையாக இழுத்துக்கொள்ளும். ஒரு சிறு துண்டை வெந்நீரும் சோப்பும் தொட்டு உள்ளங்கையில் நன்றாக உருட்டிப் பாருங்கள். உருண்டையாக இறுகினால் அது பதப்படுத்தாதது. அப்படி ஒன்று கலந்திருந்தாலும் ஸ்கார்ஃபைக் கையால் குளிர்ந்த நீரில்தான் அலச வேண்டும். அடர் சிவப்பு, கரும்நீலக் கைச்சாய நூல்களைப் பின்னுவதற்கு முன்பே சிட்டமாக நனைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். பக்கத்திலே சந்தனவெள்ளை இருக்கும் ஸ்கார்ஃபில் இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

கடைசியாக ஒரு நம்பிக்கை: நைலான் கலந்திருப்பதால் பூச்சி தொடாது. தொடும். துணி அந்துப்பூச்சியின் புழு கம்பளியில் உள்ள கெரட்டின் புரதத்தைத் தின்று வளர்வது. நாலில் மூன்று பங்கு கம்பளி இருக்கும் நூல் அதற்குத் தாராளமான உணவு. வியர்வையும் உணவுக் கறையும் படிந்த துணி என்றால் இன்னும் விருப்பம். திறந்த அலமாரியில் போட்டுவைக்கும் அந்துருண்டை பெரிதாக உதவாது; மூடிய பெட்டியில் ஆவி நிறைந்தால்தான் அது வேலை செய்யும், அந்த ஆவி நமக்கும் நல்லதல்ல. துவைத்து உலர்த்திய ஸ்கார்ஃபைக் காற்றுப் புகாத பையில் வைத்தால் போதும். பழைய மிச்ச நூலில் ஏற்கெனவே பூச்சி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அந்தக் கண்டுகளைப் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்தெடுத்த பிறகு மற்ற நூலோடு சேருங்கள்.